கேரவனுக்கு வரி இல்லை, இழுக்கும் காருக்கு உண்டு: பிரிட்டனில் இழுவைச் செலவைக் கணக்கிடுவது எப்படி

சென்ற மாதம் ஸ்லாவிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். என் மகளோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவன். இப்போது அவனுக்கே இரண்டு குழந்தைகள். "அக்கா, நாலாயிரம் பவுண்டுக்கு ஒரு கேரவன் வந்திருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?" என்றான். "உன் கார் எந்த ஆண்டு, எந்த மாதம் பதிவானது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேரவனைப் பற்றிக் கேட்டால் இந்த அக்கா காரைப் பற்றிக் கேட்கிறாளே என்று நினைத்திருப்பான்.

அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். இதே கேள்வியை வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் கேட்கிறார்கள். எல்லோரும் கேரவன் விலையோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி. இங்கே பிரிட்டனில் கேரவன் என்பது இயந்திரமே இல்லாத, சக்கரம் வைத்த சிறு வீடு. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டும். இயந்திரம் இல்லாததால் அதற்குச் சாலை வரி கிடையாது, ஆண்டுச் சோதனை கிடையாது, தனி எண்ணும் கிடையாது. இழுக்கும் காரின் எண்ணையே அதன் பின்புறத்திலும் மாட்டவேண்டும் என்பது சட்டம். வரி, புகை விதி, நுழைவுக் கட்டணம் எல்லாம் காரின் தலையில்தான் விழும். அதனால்தான் என் முதல் கேள்வி காரைப் பற்றியது.

நான் வடமேற்கு லண்டனில், ஹாரோவில் இருக்கிறேன். மருத்துவமனையில் நெஞ்சகப் பிரிவில் செவிலியர். 2015இலிருந்து கேரவன் இழுக்கிறோம். பெரும்பாலும் ஓட்டுவது நான். முதல் கோடையிலிருந்தே ஒரு நீல அட்டை நோட்டில் மைல், லிட்டர், விலை மூன்றையும் எழுதிவருகிறேன். கீழே சொந்தக் கணக்காகச் சொல்வதெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. வரி விகிதங்கள் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை. ஏப்ரல்தோறும் அவை மாறும். வாங்குகிற மாதத்தில் அரசுத் தளத்தில் காரின் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரின் பதிவுப் புத்தகம்

இங்கே காரின் பதிவு ஆவணத்தை வி5சி என்கிறார்கள். அதில் நான்கு இடங்களைப் பாருங்கள். முதலில் பதிவான தேதி. வி.7 என்ற கட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்ற எண். வி.9 என்ற கட்டத்தில் யூரோ 5, யூரோ 6 போன்ற புகைத் தரம்; எண் கூடக் கூடப் புகை குறைவு. ஓ.1 என்ற கட்டத்தில், பிரேக் உள்ள இழுவண்டியில் அதிகபட்சம் எத்தனை கிலோ இழுக்கலாம் என்ற எண்.

முதல் மூன்றும் அரசுத் தளத்தில் கிடைத்துவிடும். ஓ.1 கிடைக்காது. விற்பவரிடம் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித்தான் பார்க்கவேண்டும். அந்தக் கட்டத்தில் எண் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். இழுவைக்கு அனுமதி பெறாத கார்கள் உண்டு, மின்சாரக் கார்களிலும் சில கலப்பின (ஹைப்ரிட்) கார்களிலும் குறிப்பாக.

எடையில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. நிறைத்த கேரவனின் உச்ச எடை, காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது. சட்டம் அல்ல, கேரவன் கழகங்கள் தரும் அறிவுரை. என் கார் 1,560 கிலோ. அதில் 85 சதவீதம் 1,326. எங்கள் கேரவன் நிறைத்தால் 1,300. வரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேரவன் 200 கிலோ கூடினால் அதை இழுக்க இன்னும் கனமான கார் வேண்டும். கனமான காரின் வி.7 எண் உயரும். எண் உயர்ந்தால் வரி உயரும், டீசலும் உயரும். நான்கு படுக்கை போதும் என்கிற குடும்பம் ஆறு படுக்கைக் கேரவனை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால், மிச்சம் பிடித்ததை இரண்டே கோடையில் காரில் இழந்துவிடும்.

எந்தத் தேதியில் பதிவான கார்?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நூற்றுக்கணக்கான பவுண்டு இங்கேதான் இருக்கிறது.

பிரிட்டனில் காரின் ஆண்டு வரி, அது முதலில் பதிவான தேதியைப் பொறுத்தது. 2001 மார்ச் முதல் தேதியிலிருந்து 2017 மார்ச் 31 வரை பதிவான கார்களுக்குக் கரியமில வாயு எண்ணை வைத்து ஆண்டுதோறும் வரி. 110 கிராம் வரை 20 பவுண்டு. 111 முதல் 120 கிராம் வரை 35 பவுண்டு. எண் ஏற ஏற வரி ஏறி, 255ஐத் தாண்டினால் 760 பவுண்டு வரை போகும். 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பதிவானவை வேறு வழி: முதல் ஆண்டு மட்டும் கரியமில வாயுவுக்கு ஏற்ற வரி, இரண்டாம் ஆண்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே தொகை, 195 பவுண்டு.

இதோடு யூரோ 6 தரத்தைச் சேர்த்துப் பாருங்கள்; அதற்குக் கீழான டீசல் காருக்கு லண்டனில் நாள் கட்டணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். பொதுவாக 2015 செப்டம்பருக்குப் பின் பதிவான டீசல் கார்கள் யூரோ 6. ஆக, 2015 செப்டம்பருக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் ஒரு சிறிய சன்னல் திறந்திருக்கிறது. அந்த ஒன்றரை ஆண்டுக் கார்கள் லண்டனுக்குள் கட்டணமின்றி நுழையும். ஆண்டு வரியோ பழைய முறையில் மிகக் குறைவு. எங்கள் கார் 2016 அக்டோபரில் பதிவான டீசல் எஸ்டேட், அதாவது பின்பக்கம் நீண்ட கார். வி.7 கட்டத்தில் 119. ஆண்டுக்கு 35 பவுண்டு கட்டுகிறேன். அதே கார், அதே இயந்திரம், 2017 மே மாதம் பதிவாகியிருந்தால் 195 கட்டியிருப்பேன். ஐந்து ஆண்டில் 800 பவுண்டு வித்தியாசம்.

அந்தக் கார்களுக்கு இப்போது பத்து வயது ஆகப்போகிறது என்பதையும் மறக்கவேண்டாம். பராமரிப்பு ரசீதுகளை ஒன்றுவிடாமல் பாருங்கள். முன்னவர் கட்டிய வரி உங்களுக்கு வராது. 2014 அக்டோபரிலிருந்து, வாங்கிய அன்றே புது உரிமையாளர் புதிதாகக் கட்டவேண்டும்.

நாற்பதாயிரம் பவுண்டு விதி அடுத்தது. தம்பி விழவிருந்த பள்ளம் இதுதான். 2022 ஜூனில் பதிவான பெரிய எஸ்யூவி ஒன்றின் மேல் அவனுக்கு ஆசை. "இருபத்திரண்டாயிரத்துக்குத் தருகிறார்கள் அக்கா" என்றான். ஆனால் அது புதிதாக இருந்தபோது அட்டவணை விலை நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்படிப்பட்ட காருக்கு இரண்டாம் ஆண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகள், 195க்கு மேல் இன்னொரு 425 பவுண்டு. மொத்தம் 620, அந்தக் காருக்கு 2028 ஜூன் வரை. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள், முதல் உரிமையாளருக்கு எவ்வளவு தள்ளுபடி கிடைத்தது என்பதையெல்லாம் வரித்துறை பார்ப்பதில்லை. அன்றைய அட்டவணை விலைதான் கணக்கு. தொழிற்சாலையில் பொருத்திய கூடுதல் வசதிகளும் அதில் சேரும்.

புதுக் கார் வாங்குபவர்கள் இதிலிருந்து ஒரு காரியம் செய்யலாம். விலை நாற்பதாயிரத்துக்கு அருகில் நின்றால் டோ பாரை, அதாவது இழுவைக் கொக்கியை, தொழிற்சாலையில் கேட்காமல் கார் பதிவான பின் தகுதியுள்ள கடையில் பொருத்துங்கள். இப்போதைய சோதனை முறையில் கூடுதல் உறுப்புகளின் எடையும் கரியமில வாயு எண்ணில் சேர்கிறது. ஒரு கிராம் கூடி அடுத்த வரிப்படிக்கு ஏறிவிடவும் கூடும். 2025 ஏப்ரலில் முதலாண்டு வரியைப் பெரும்பாலான படிகளில் இரட்டிப்பாக்கினார்கள். 151 முதல் 170 கிராம் வரை 1,360 பவுண்டு. 191 முதல் 225 வரை 3,300. 255க்கு மேல் 5,490. இது காரின் விலையோடு சேர்ந்தே வருவதால் பலர் கவனிப்பதில்லை. கனமான இழுவைக் கார்களில் பலவும் இந்த மேற்படிகளில்தான் நிற்கின்றன.

இரட்டைக் கேபின் பிக்கப் பற்றி ஒரே ஒரு சொல்: அதற்கு வேன் போல ஆண்டுக்கு 345 பவுண்டு, கரியமில வாயு எவ்வளவானாலும். ஆனால் நிறுவனம் கொடுக்கும் பிக்கப் என்றால், 2025 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் அதைக் காராகவே கணக்கிடுகிறார்கள். முன்பிருந்த சலுகை போய்விட்டது.

யூலெஸ்: நான் கட்டியதும் மாறியதும்

லண்டனின் மிகக் குறைந்த உமிழ்வு மண்டலத்தை எல்லோரும் யூலெஸ் என்கிறோம். 2019 ஏப்ரலில் நகரின் நடுவில் தொடங்கி, 2021 அக்டோபரில் வடக்கு, தெற்குச் சுற்றுச்சாலைகள் வரை விரிந்து, 2023 ஆகஸ்ட் 29 அன்று லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்தது. ஹாரோவும் அன்றுதான் உள்ளே வந்தது. பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6. அதற்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விடுமுறை.

அப்போது எங்களிடம் 2013இல் பதிவான யூரோ 5 டீசல் இருந்தது. கேரவனை ஹார்ட்ஃபோர்டுஷரில், லண்டன் எல்லைக்கு வெளியே ஒரு பண்ணையில் நிறுத்தியிருந்தோம். விடுமுறைக்குக் கிளம்பும் நாள் ஒரு கட்டணம், திரும்பும் நாள் ஒன்று. இருபத்தைந்து பவுண்டு, கோடைக்கு நான்கு முறை, நூறு பவுண்டு. அதோடு போயிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் அதே காரில்தான் வாரம் நான்கு நாள் மருத்துவமனைக்குப் போகிறேன். வாரம் ஐம்பது பவுண்டு. வேலை நாட்களைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 2,300. கேரவன் கணக்கைப் போடும்போது வருடம் முழுவதும் அந்தக் கார் எங்கெங்கே ஓடும் என்பதையும் சேர்த்துப் போடவேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இழுக்கும் நாட்கள் வருடத்துக்கு இருபதுகூட இருக்காது.

தம்பியின் வீடு ஸ்லாவில். அது லண்டனுக்கு வெளியே. "எனக்கு யூலெஸ் இல்லை அக்கா" என்றான். அவனுடைய 2012 டீசல் ஒவ்வொரு ஞாயிறும் ஹாரோவுக்குத் தமிழ்ப் பள்ளிக்கு வருகிறது. இதுவரை கட்டிய ரசீதுகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஐம்பத்திரண்டு ஞாயிறும் வந்தால் 650 பவுண்டு.

இந்தக் கட்டணத்தை அநியாயம் என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். என் வேலை மூச்சுத் திணறி வருபவர்களோடு. நவம்பர் மாதத்தில், காற்று அசையாத நாட்களில், எங்கள் பிரிவு எப்படி நிரம்பும் என்று எனக்குத் தெரியும். லூயிஷம் பகுதியில் தெற்குச் சுற்றுச்சாலையருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவளது மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படிப் பதிவானது அதுவே முதல்முறை. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு என் கணவரிடம், காரை மாற்றவேண்டும் என்று சொன்னேன். உண்மையில் மாற்றியது கட்டணம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான். பழைய காரைக் கழித்துக்கட்ட லண்டன் நகர நிர்வாகம் 2,000 பவுண்டு கொடுத்தது. அந்தத் திட்டம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. இன்று வாங்குபவர்கள் அதை எதிர்பார்க்கவேண்டாம்.

பெட்ரோல் யூரோ 4 என்றால் 2006க்குப் பின் பதிவான கார்களே பொதுவாகப் போதும், விலையும் குறைவு. ஆனால் பழைய சிறிய பெட்ரோல் இயந்திரம் மேட்டில் கேரவனோடு திணறும், கியரைக் குறைத்துக் குறைத்துப் பெட்ரோலைக் குடிக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, பக்கத்துக் கடற்கரைக்கு, இலேசான கேரவன் என்றால் மட்டும் அந்த வழியை யோசியுங்கள்.

கார் மாற்றியவர்கள் தவறாமல் செய்யவேண்டிய வேலை ஒன்று: கேரவனின் பின்னாலிருக்கும் எண் பலகையையும் அன்றே மாற்றுங்கள். பழைய காரின் எண்ணோடு கேரவனை இழுத்தால் அது சட்டப்படி குற்றம்; பின்னாலிருந்து படமெடுக்கும் கேமராவில் அந்தப் பழைய எண்தான் விழும்.

மற்ற நகரங்கள்

லண்டன் முறை எல்லா ஊரிலும் இல்லை. பர்மிங்ஹாமில் கார்களுக்கு நாளுக்கு 8 பவுண்டு, பிரிஸ்டலில் 9. பாத், பிராட்ஃபோர்டு, ஷெஃபீல்டு, நியூகாசில் மண்டலங்களில் சொந்தக் கார்களுக்குக் கட்டணம் இல்லை. கிளாஸ்கோ, எடின்பரோ, டண்டீ, அபர்டீன் ஆகிய ஸ்காட்லாந்து நகரங்களின் நடுவில் நிலைமையே வேறு. அங்கே பணம் கட்டி நுழையும் வழி கிடையாது. தரமில்லாத கார் நுழைந்தால் 60 பவுண்டு தண்டம், மறுபடி நுழைந்தால் இரட்டிப்பு. "கட்டிவிட்டுப் போய்விடலாம்" என்ற லண்டன் பழக்கத்தோடு அங்கே போகாதீர்கள்.

நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் இந்த மண்டலங்களுக்கு வெளியே. லண்டனைச் சுற்றிவரும் எம்25 யூலெஸில் இல்லை. பர்மிங்ஹாமைத் தொடாமல் எம்6இலும், பிரிஸ்டலைத் தொடாமல் எம்5இலும் போய்விடலாம். ஆபத்து வழிகாட்டிக் கருவியிலிருந்து வரும். நெரிசல் என்றால் அது ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க உங்களை நகருக்குள் இழுத்துவிடும். கேரவனோடு நகருக்குள் மாட்டிக்கொண்டால் திரும்பவும் இடமிருக்காது. நான் கிளம்புவதற்கு முந்தைய இரவு, தாண்டவேண்டிய சந்திப்பு எண்களைக் காகிதத்தில் எழுதிக் கணவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

டீசல்: கேரவனைப் பார்க்கும் ஒரே வரி

ஆண்டு வரிக்கு உங்களிடம் கேரவன் இருப்பதே தெரியாது. சோதனைக் கூடத்தில் தனியாக ஓட்டிப் பார்த்த எண்தான் அதற்கு ஆதாரம். நுழைவுக் கட்டணத்துக்கும் தெரியாது. அது புகைத் தரத்தை மட்டும் பார்க்கிறது. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு கிலோவையும் பார்ப்பது எரிபொருள் வரி ஒன்றுதான். அதனால் அந்தக் கணக்கை நீங்களே போடக் கற்றுக்கொள்ளவேண்டும். பத்து நிமிட வேலை.

கேரவனை மாட்டுவதற்கு முன் தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள். மைல் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். இழுத்துக்கொண்டு போய், அடுத்து நிரப்பும்போது மறுபடி விளிம்புவரை. சென்ற ஆகஸ்டில் எனக்கு 214 மைலுக்கு 37.4 லிட்டர் பிடித்தது. மைலை லிட்டரால் வகுத்து 4.546ஆல் பெருக்கினால் காலனுக்கு மைல் வந்துவிடும்: 26. அதே கார் தனியாக ஓடினால் எனக்கு 44 தருகிறது.

ஒரு லிட்டர் டீசலில் எரிபொருள் வரி 52.95 பென்ஸ். 2011 மார்ச்சிலிருந்து 57.95 ஆக இருந்ததை 2022 மார்ச்சில் ஐந்து பென்ஸ் குறைத்தார்கள். அதற்கு மேல் மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். அதாவது பம்பில் காட்டும் விலையில் ஆறில் ஒரு பங்கு. நான் நிரப்பிய விலை 142 பென்ஸ். அதில் ஆறில் ஒன்று 23.67. இரண்டையும் கூட்டினால் 76 பென்ஸுக்கு மேல். விலையில் பாதிக்கும் அதிகம் வரி.

வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகள் நிறைந்த பகுதியிலுள்ள கெஸ்விக்குக்கு நாங்கள் போன பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேரவனோடு போக 275 மைல், வர 275. மொத்தம் 550 மைலுக்கு 96 லிட்டர், 136 பவுண்டு. அதில் வரி ஏறத்தாழ 74. கேரவன் இல்லாமல் போயிருந்தால் 57 லிட்டர், 81 பவுண்டு. ஆக, கேரவனை இழுத்ததற்காக மட்டும் 55 பவுண்டு கூடுதல். அதில் முப்பது பவுண்டு அரசுக்கு. 2026 செப்டம்பரிலிருந்து அந்த ஐந்து பென்ஸைப் படிப்படியாக 2027 மார்ச்சுக்குள் திரும்ப ஏற்றப்போவதாக 2025 நவம்பர் நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறார்கள். ஏறி முடிந்தால் இதே பயணத்துக்கு இன்னும் ஆறு பவுண்டு ஆகும்.

புகைக் கணக்கும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கரியமில வாயு. என் காரின் புத்தகத்தில் 119 கிராம் என்று எழுதியிருக்கிறது. தனியாக ஓடும்போது உண்மையில் 165க்கு மேல். கேரவனோடு 280 கிராம். இதைக் கணக்கிட்ட நாளிலிருந்து நான் வேகத்தைக் குறைத்துவிட்டேன். கேரவனோடு நெடுஞ்சாலையில் 60 மைல் வரை போகலாம், நடுவில் பிரிப்பு இல்லாத சாலையில் 50. நான் நெடுஞ்சாலையிலும் 55இலேயே ஓட்டுகிறேன். காலனுக்கு 26 என்பது 28.5 ஆனது. கெஸ்விக்குக்குப் போய்வர எட்டு லிட்டருக்கு மேல் மிச்சம், பன்னிரண்டு பவுண்டு. ஒவ்வொரு வழிக்கும் ஏறத்தாழ அரை மணி நேரம் நீள்கிறது, அவ்வளவுதான். கேரவனின் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்தே இழுங்கள். நாற்பது லிட்டர் தண்ணீர் நாற்பது கிலோ. டீசலை ஊரிலேயே சூப்பர்மார்க்கெட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓய்வகத்தில் ஒரு முறை 163 பென்ஸ் கொடுத்தேன், அதே வாரம் வீட்டருகே 141. ஐம்பது லிட்டருக்குப் பதினொரு பவுண்டு.

யூரோ 6 டீசலுக்கு இரண்டு சிறு செலவுகள் உண்டு. பல கார்களில் ஆட்புளூ என்ற யூரியாக் கரைசல் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கிறது. டீசல் அதிகம் எரிந்தால் அதுவும் அதிகம் போகும். கிளம்பும் முன் நிரப்புங்கள். மலைப்பாதையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தும் விட்டுவிட்டால், கரைசல் தீர்ந்த பிறகு நிறுத்திய கார் மறுபடி கிளம்பவே மறுக்கும். இன்னொன்று புகைக்கரி வடிகட்டி. கேரவன் இழுப்பதால் அது கெடும் என்று பயப்படுகிறார்கள். நீண்ட, சூடான ஓட்டம் அதைச் சுத்தம் செய்கிறது. இரண்டு மைல் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினால்தான் அது அடைத்துக்கொள்ளும். அடைத்தபோது ஒரு பட்டறையில், "இதை எடுத்துவிட்டால் செலவே இல்லை, இழுவையும் கூடும்" என்று என்னிடமே சொன்னார்கள். வடிகட்டியை எடுத்த கார் 2014 பிப்ரவரியிலிருந்து ஆண்டுச் சோதனையில் தேறாது. சாலையில் ஓட்டினால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் செய்யமாட்டேன். அந்தக் கரி எந்த நெஞ்சில் போய்ப் படிகிறது என்று தினமும் படத்தில் பார்க்கிறேன்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

என்னோடு வேலை செய்யும் ஒருவர் மின்சாரக் காரில் கேரவன் இழுக்கிறார். அவரது கணக்கையும் என் நோட்டில் எழுதியிருக்கிறேன். தனியாக ஓடினால் ஒரு யூனிட்டுக்கு 3.5 மைல். கேரவனோடு 1.7. பாதிதான். வீட்டில் இரவு நேரத்தில் யூனிட் 8 பென்ஸ், அதில் வரி 5 சதவீதம். வழியில் விரைவு மின்னேற்றியில் 75 பென்ஸ், வரி 20 சதவீதம். ஆக, வீட்டு மின்சாரத்தில் இழுத்தால் மைலுக்கு 5 பென்ஸுக்குள். வழியில் ஏற்றினால் 44 பென்ஸ். என் டீசலில் 25 பென்ஸ். நூறு மைலுக்குள் போகிற குடும்பத்துக்கு மின்சாரக் கார் மிக மலிவு. ஸ்காட்லாந்துக்குப் போகிறவருக்கு டீசலைவிட அதிகம். பல மின்னேற்றி இடங்களில் கேரவனைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் காரை உள்ளே கொண்டுபோக முடிகிறது. அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

மின்சாரக் கார்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஏப்ரலோடு முடிந்தது. 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவானவை இப்போது அதே 195 கட்டுகின்றன. 2028 ஏப்ரலிலிருந்து மைலுக்கு 3 பென்ஸ் வரி வரப்போகிறது, செருகி ஏற்றும் கலப்பினத்துக்கு 1.5. இதைக் கேட்டதும் அவர் வருத்தப்பட்டார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: இந்த வரி மைலை எண்ணுகிறது, எடையை எண்ணுவதில்லை. கேரவனோடு போனாலும் தனியாகப் போனாலும் 550 மைலுக்கு 16.50 பவுண்டு. டீசலில் அதே தூரத்துக்கு நான் 74 கட்டுகிறேன்.

தம்பி நாலாயிரம் பவுண்டுக் கேரவனை விட்டுவிட்டான். அது 1,480 கிலோ. எஸ்யூவியையும் விட்டுவிட்டான். நேற்று இரவு ஒரு படம் அனுப்பியிருந்தான், ரெடிங்கில் ஒருவர் விற்கும் காரின் வி5சி. பதிவு 2016 நவம்பர். வி.7இல் 118. யூரோ 6. ஓ.1இல் 1,800. பராமரிப்பு ரசீதுகள் ஏழு இருக்கின்றனவாம்; எட்டாவதும் ஒன்பதாவதும் எங்கே என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை இருவரும் பார்க்கப் போகிறோம்.